சிங்கப்பூரில் குளிருக்குப் பஞ்சு வாங்கிய கதை

ஜி.எஸ்.எம். ஏறினால் சூடும் ஏறும் என்று நான் நம்பியிருந்தேன். சின்ன வயதில் அல்ல. ஐம்பதைத் தாண்டி, கடைவாயில் இரண்டு பல் கட்டி, ஊரில் நாலு பேர் வணக்கம் வைக்கும் வயதில் நம்பினேன். திருப்பூர்க்காரனுக்கு இந்த மூடநம்பிக்கை ரத்தத்தில் ஓடுகிறது. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை நிற்கிறது என்பதுதான் ஜி.எஸ்.எம். எங்களுக்கு அதுதான் துணியின் ஜாதகம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் சட்டையை விரலிடுக்கில் கிள்ளி, "நூத்தி எண்பது" என்று சொல்லிவிட்டுத்தான் ரசம் கேட்போம். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பதிலுக்கு என் சட்டையைக் கிள்ளுவார்.

இந்த அறிவை மூட்டை கட்டிக்கொண்டுதான் சிங்கப்பூர் போனேன், குளிருக்குப் பஞ்சு வாங்க.

சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. என் மனைவி கலைச்செல்வி ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். அங்கே சில பெண்கள் சேர்ந்து காலையில் நடக்க ஆரம்பித்தார்கள். நடை முற்றி மலையேற்றமாகிவிட்டது. போன வருஷம் இமயமலையில் ஒரு கணவாயைத் தாண்டுவது என்று கிளம்பினார்கள். நானும் துணைக்கு என்று சொல்லிக்கொண்டு பின்னால் மூச்சு வாங்கப் போனேன். முதல் முகாமில் வாடகைக்குக் கொடுத்த தூக்கப் பை நனைந்த சாக்கு மாதிரி இருந்தது. இவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. விடிந்ததும் கோவேறு கழுதையில் ஏற்றிக் கீழே அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் கணவாயில் நின்று எடுத்த போட்டோ இன்னும் அந்த வாட்ஸப் குழுவின் முகப்பில் இருக்கிறது. அதில் இவள் இல்லை. தினமும் பார்க்கிறாள்.

இந்த வருஷமும் அதே கணவாய் என்று முடிவானது. "உனக்கு நானே போர்வை தைக்கிறேன், சட்டையும் தைக்கிறேன், இறகு மாதிரி இருக்கும்" என்று குழுவில் எல்லாரும் படிக்கும்படி எழுதிவிட்டேன். இறகு மாதிரிதான், இறகு அல்ல. வாத்து இறகு அடைத்த சாமான் இவளுக்கு ஆகாது, தும்மியே மலையைப் பிளந்துவிடுவாள். அதோடு இறகு நனைந்தால் கட்டி தட்டி, செத்த வாத்தாகவே மாறிவிடும். அதனால் செயற்கைப் பஞ்சு. தூக்கப் பையிலும் அடிப்பக்கம் வீண். நாம் படுத்து நசுக்கிய பஞ்சு சூடு தராது. அந்தப் பக்கத்தையே வெட்டி எறிந்துவிட்டு, கீழே ஒரு பாய், மேலே ஒரு போர்வை என்று இருந்தால் பாதி எடை மிச்சம். இதெல்லாம் இணையத்தில் படித்தது. அங்கே ஒரு கூட்டம் இருக்கிறது, சுமையைக் குறைக்கப் பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்துக்கொள்கிறது. காம்பை அறுத்ததைப் பற்றி மட்டும் பத்துப் பக்கம் எழுதுகிறது. அந்தக் கூட்டத்திடம்தான் நான் பாடம் படித்தேன்.

கலைச்செல்வி குழுவில் அதைப் படித்தாள். "ஏனுங்க, இந்தத் தடவயும் நடுங்குனா அதோட முடிஞ்சுதுங்க. அந்தக் குரூப்புலருந்து எம்பேர எடுத்துருவேன். நீங்க மட்டும் போயி போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுங்க" என்றாள். சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

திருப்பூரில் பஞ்சு கிடைக்காதா? கிடைக்கும். "எத்தன டன்னுங்க?" என்று கேட்பார்கள். பத்து மீட்டர் என்றால், பிச்சைக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்து, ஒரு கைப்பிடி சாம்பிள் கொடுத்து அனுப்புவார்கள். அந்த நேரம் பார்த்து, சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனன் செந்தில் புக்கிட் பாஞ்சாங்கில் புது வீட்டுக்குக் குடிபோவதாகக் கூப்பிட்டான். எனக்குள் இன்னொரு பிரகாசமான எண்ணம் உதித்தது. வெயில் கொளுத்தும் ஊரில் குளிர்ச் சாமானை யார் சீந்துவார்கள்? கடை கடையாகத் தூசி படிந்து கிடக்கும், அள்ளிக்கொண்டு வரலாம்.

சிங்கப்பூர்தான் உலகத்திலேயே குளிரான ஊர் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெளியே இட்லிச் சட்டி, உள்ளே ஐஸ் பெட்டி, நடுவே ஒரு கண்ணாடிக் கதவு. விமான நிலையத்திலிருந்து ஏறிய ரயிலிலேயே கலைச்செல்வி சேலைத் தலைப்பைக் காதோடு சுற்றிக்கொண்டாள். எதிரே ஒரு பெண் முழுக்கைக் கம்பளிச் சட்டையில் தூங்கிக்கொண்டிருந்தாள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஊரைக் கட்டி, அதைக் குளிர வைத்து, அந்தக் குளிருக்கு ஸ்வெட்டர் விற்கிறார்கள். நம்மூர் அரசியல்வாதிக்குக்கூட இந்த யோசனை வந்ததில்லை.

முதல் நாளே செந்தில் ஒரு பெரிய மாலுக்குக் கூட்டிப்போனான். "ரெடிமேடா வாங்கிடுங்க மாமா, எதுக்கு டென்ஷன்?" அங்கே மலையேற்றச் சாமான் கடை ஒன்று. தென் துருவத்துக்குப் போகிறவன் அணியும் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. தீவு முழுக்கத் தேடினாலும் ஏறி நிற்க ஒரு மலை கிடையாது, பெயரில் மட்டும் 'புக்கிட்', குன்று. விற்பனைப் பெண் நம் பிள்ளைதான். ஒரு தூக்கப் பையைத் தடவிக்கொடுத்து, "சார், திஸ் ஒன் மைனஸ் டென் வரைக்கும் ஓகே" என்றாள்.

"நீ மைனஸ்ல படுத்திருக்கியாம்மா?"

"நோ லா சார். கெந்திங் போயிருக்கேன். அங்கயே டூ கோல்ட்!"

'லா' என்பது அந்த ஊர்ப் பேச்சின் வால், கெந்திங் என்பது மலேசியாவில் ஒரு மலை. நம் ஊட்டியைவிடக் குளிர் குறைவு, சூதாட்டம் அதிகம் என்று செந்தில் காதோரம் சொன்னான். பையைத் தூக்கிப் பார்த்தேன், கனத்தில் போன வருஷத்துப் பைக்கு அண்ணன். வந்த வழியே திரும்பினோம்.

மறுநாள் கலைச்செல்வியும் நானும் தேக்கா பக்கம், அதாவது லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். அந்தத் தெருக்களில் நுழைந்ததும் காசு செலவழித்து வெளிநாடு வந்தது வீணோ என்று தோன்றும். அதே மல்லிகைப்பூ, அதே நகைக்கடை வாசல் கூவல், அதே சாம்பிராணி. திருப்பூர்ப் பழைய பஸ் ஸ்டாண்டைத் துடைத்து, எச்சில் துப்பினால் அபராதம் போட்ட மாதிரி இருந்தது. சந்தைக்குள் ஆட்டுக்கால் சூப் குடித்தோம். ஒப்புக்கொள்கிறேன், அது மட்டும் நம்மூரில் இல்லை. மல்லித்தழையும் மிளகும் மிதக்க, மஞ்சள் குழம்பாகக் கெட்டியாக வந்தது. கலைச்செல்வி அன்று முழுக்க நடுங்காமல் இருந்தது அந்தக் கிண்ணத்தைப் பிடித்திருந்த நேரத்தில் மட்டும்தான்.

பிறகு பஞ்சு வேட்டை. முதல் கடையில் "பஞ்சு இருக்குங்களா?" என்றேன். "திரிக்கா, காதுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். பூஜைச் சாமான் கடையில் நுழைந்திருக்கிறேன். அடுத்த கடையில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை எடுத்து நீட்டினார்கள், பச்சையா மஞ்சளா என்று ஒரு விசாரணை வேறு. மூன்றாவது, துணிக்கடை. வெள்ளை மீசை வைத்த முதலாளி மூன்று தலைமுறையாக இங்கேதான் என்றார்.

"தலகாணிக்கா, சோபாவுக்கா?"

"குளிருக்குங்க. போர்த்திக்க."

"குளிரா?" வெளியே வெயிலைப் பார்த்தார். "ஏர்கான ஆஃப் பண்ணிட்டா போச்சு லா. இதுக்குப் போயி பஞ்சு வாங்குவாங்களா?"

உள்ளேயிருந்து ஒரு பெரிய சுருளை உருட்டிக்கொண்டு வந்தார். சோபாவுக்குள் வைக்கிற பாலியஸ்டர் பஞ்சு, தகடாக அழுத்தியது. நான் கிள்ளினேன். கண்ணை மூடினேன். "முன்னூறு" என்றேன். அட்டையைப் பார்த்தால் முன்னூறு. இமயமலையே என் விரலிடுக்கில் மாட்டியது போலப் பூரித்துப் போனேன்.

"பாத்தியா கலை, முன்னூறு ஜி.எஸ்.எம்! குளிர் இதுக்குள்ள வரணும்னா விசா எடுக்கணும்."

கலைச்செல்வி தொட்டுப் பார்த்தாள். "அட்ட மாதிரி இருக்குதுங்க."

"அதான் திக்கு."

மீசைக்காரர் நல்ல மனிதர். "சோபாவுக்கு நல்லா இருக்கும், குளிருக்கு எனக்குத் தெரியாது. நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லித்தான் வெட்டிக் கொடுத்தார். நான் கேட்டால்தானே.

சுருள் என் உயரம் இருந்தது. பஸ்ஸில் ஏற்றும்போது டிரைவர் தலையை ஆட்டினார். கலைச்செல்வி தலைப்பைச் சுற்றிக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, சரி ஏறுங்கள் என்று கை காட்டினார். மூன்றாவது பயணியைப் போல அதை நிற்க வைத்து இடுப்பில் கை போட்டுப் பிடித்துக்கொண்டேன். ஒரு திருப்பத்தில் அது சாய்ந்து ஒரு சீனப் பெரியவரின் மடியில் தலை வைத்தது. மெத்தையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, குளிருக்கு என்றேன். சன்னலுக்கு வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை புதுமனை புகுவிழா. மின்சார அடுப்பில் பால் பொங்க வைத்தார்கள். பால் விளிம்பைத் தொட்டதும் அடுப்பு பீப் பீப் என்று அலறித் தானே அணைந்துவிட்டது. பொங்குவது பாதுகாப்பு விதிக்கு விரோதமாம். ஐயர் அடுப்பை எட்டிப் பார்த்து, "பொங்கினதாவே வச்சுக்கலாம்" என்றார்.

சாப்பாடு முடிந்து வந்தவர்கள் கிளம்பியதும் சோதனையை ஆரம்பித்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த மெல்லிய நைலான் துணி இரண்டுக்கு நடுவே முன்னூறை வைத்து, வீட்டில் இருந்த தையல் மிஷினில் ஓரம் ஓட்டினேன். நடுவிலும் நெருக்கமாக டைமண்ட் டைமண்டாகத் தையல் போட்டேன், அழகுக்கு. செந்திலின் படுக்கையறையில் ஏர்கானைப் பதினாறில் வைத்து, கலைச்செல்வியைப் படுக்க வைத்துப் போர்த்தினேன். கதவருகே நாற்காலி போட்டு, பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிறவன் மாதிரி உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஏனுங்க" என்றாள்.

"சொல்லு."

"எம்மேல ஆரோ ஏறி உக்காந்திருக்கற மாதிரி இருக்குதுங்க."

"கனம் இருந்தா சூடு வரும். பொறு."

"பொறுத்துப் பொறுத்துத்தான் போன தடவ கழுத மேல எறங்குனேன். இந்தத் தையல் போட்ட கோடு கோடா குளிர் எறங்குது பாருங்க."

கையைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. சோபாப் பஞ்சை நம்பி ஒரு மனுஷியை மலையில் படுக்க வைக்கப் போகிறேன். குழுவில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். மறுபடி கழுதை. மறுபடி இவள் இல்லாத ஒரு போட்டோ. அவளை எழுப்பிவிட்டு நானே உள்ளே புகுந்து படுத்தேன். கொஞ்ச நேரத்தில் கழுத்தெல்லாம் வேர்த்தது. துள்ளி எழுந்து, "பாரு! பாரு! எப்படிச் சூடு!" என்று கத்தினேன்.

"அது பயத்துல வர்ற வேர்வைங்க" என்றாள்.

சத்தம் கேட்டு வந்த செந்தில் வாசலில் நின்றான். "என்ன மாமா இது, சோபாவப் பிரிச்சுட்டீங்களா?"

"மலைக்குப் போர்த்திக்கிற போர்வை மாப்ள. அதுக்குத்தான பஞ்சு பஞ்சுன்னு அலையறேன்."

"அட, கேம்பிங் இன்சுலேஷனா? எங்க ஆபீஸ்ல சாந்தின்னு ஒருத்தங்க இருக்காங்க, ஆங் மோ கியோல வீடு. வருஷா வருஷம் நேப்பாள் போறாங்க, எல்லாம் அவங்களே தச்சுக்குவாங்க."

"அத ஏன்டா முதல் நாளே சொல்லல?"

"நீங்க பஞ்சுன்னுதான சொன்னீங்க? நான் ஊருக்குத் தலகாணி தைக்கறீங்கன்னு நெனச்சேன். மலைச் சாமான் ரெடிமேடா வாங்கறீங்கன்னுதான மாலுக்குக் கூட்டிட்டுப் போனேன்."

வெண்டைக்காய்க்கும் சுண்டைக்காய்க்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழியில் திரிக்கும் தலையணைக்கும் சோபாவுக்கும் இமயமலைக்கும் ஒரே பஞ்சு. மொழியைக் குறை சொல்லி என்ன பயன். வாயைத் திறந்து இன்னொரு வாக்கியம் சொல்லியிருக்கலாம்.

அடுத்த நாள் ஆங் மோ கியோ. சாந்தி சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட நாலைந்து வயதுதான் இளையவர். கதவைத் திறந்ததும் "வாங்க அங்கிள்" என்றார். கலைச்செல்வியை "வாங்க அக்கா." அந்த ஊரில் எல்லாரும் அங்கிள்தான் என்று செந்தில் பிறகு சமாதானம் சொன்னான். நான் இன்னும் சமாதானமாகவில்லை.

என் முன்னூறைப் பிரித்துக் காட்டினேன். அவர் தொடவில்லை. ஒரு ஸ்கேலை எடுத்துச் செங்குத்தாக நிறுத்தி, உயரத்தைப் பார்த்தார். அலமாரியிலிருந்து வேறொரு பஞ்சுத் தாளை உருவி அதன் பக்கத்தில் விரித்தார். ஊதிவிட்டால் பறந்துவிடும் போலிருந்தது. என் விரல் தன்னால் போய்க் கிள்ளியது.

"நூத்தி முப்பது" என்றேன், ஏளனமாக.

"கரெக்ட்! எப்படித் தெரியும்?" ஒரு கணம்தான் அந்தப் பெருமை. "ஆனா உயரம் பாருங்க லா. உங்களுது அமுங்கிப் போய் கெடக்கு. இது ரெண்டு மடங்கு நிக்குது. சூடு குடுக்கிறது பஞ்சு இல்ல அங்கிள், பஞ்சுக்குள்ள மாட்டின காத்து. நீங்க காத்த எல்லாம் அமுக்கி வெளிய விட்டுட்டு, வெறும் வெயிட்ட வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"டைமண்ட் தையல்?"

"ஒவ்வொரு தையலும் ஒரு ஜன்னல். ஏன் இவ்ளோ ஜன்னல் வச்சீங்க?"

கலைச்செல்வி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

சாந்தி இரண்டு தாள்களை எடுத்துப் போட்டார். ஒன்றை இரு கையாலும் இழுத்துக் காட்டினார், அது பிரியவே இல்லை. உள்ளே இழை அறுபடாமல் நீளமாக ஓடுகிறது, அதனால் ஓரத்தில் மட்டும் தைத்தால் போதும், நடுவில் ஜன்னல் வேண்டாம், போர்வைக்கு இது என்றார். இன்னொன்று மெல்லியது, குட்டை இழை. இழுத்தால் பிய்ந்தது. ஆனால் தோளில் போட்டால் தண்ணீர் மாதிரி வழிந்து உட்கார்ந்தது. கையில்லாத சட்டைக்கு இது, கொஞ்சம் நெருக்கமாகத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் துவைக்கும்போது பஞ்சு மூலைக்கு மூலை ஓடிவிடும். அவ்வளவுதான் சாஸ்திரம். இதற்காக நான் பிரஷ் காம்பு அறுக்கிறவர்களின் மடத்தில் ஆறு மாதம் சீடனாக இருந்தேன்.

"நம்ப மாட்டீங்கன்னு தெரியுது" என்று ஹாலில் ஏர்கானைப் பதினாறுக்கு இறக்கினார். சோபாவில் கலைச்செல்வியைப் படுக்கச் சொல்லி, தான் தைத்து வைத்திருந்த போர்வை ஒன்றைப் போர்த்தினார். எங்களுக்குக் குடிக்க மைலோ கலக்க அடுப்படிக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் கலைச்செல்வி குறட்டை விட்டாள். முன்பின் தெரியாதவர் வீட்டு ஹாலில், வாய் திறந்து, சீரான குறட்டை. இருபத்தைந்து வருஷத்தில் அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு இனிமையாகக் கேட்டதே இல்லை.

சாந்தியிடம் ஒரு போர்வைக்கும் ஒரு சட்டைக்கும்தான் பஞ்சு மிச்சம் இருந்தது. அதை விலைக்கு வாங்கிக்கொண்டேன். "உங்களுக்கு அங்கிள்?" என்று கேட்டார். "எனக்கு முன்னூறு இருக்கு, என் உடம்பு சூட்டு உடம்பு" என்றேன். கிளம்பும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: ரொம்ப நேரம் நசுக்கி வைக்காதீர்கள், போனதும் பிரித்துப் போடுங்கள், நசுங்கியே கிடந்தால் இந்தப் பஞ்சு எழுந்திருக்காது.

கடைசி நாள் காலையில் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், கட்டில் மேல் அப்பளம் மாதிரி ஏதோ கிடக்கிறது. செந்தில் பெருமையோடு நிற்கிறான். கையில் வேக்குவம் கிளீனர். "எடம் மிச்சம் மாமா! பிளாஸ்டிக் பைல போட்டு காத்த மொத்தமா உறிஞ்சிட்டேன்."

"கொன்னுட்டியேடா!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அடுப்படிக்கு ஓடிக் கத்தியை எடுத்து வந்து பையைக் கிழித்தேன். ஓர் உயிரைக் காப்பாற்றும் வைத்தியனின் வேகம் என்று நான் நினைத்துக்கொண்டேன். கையில் கத்தியோடு, இடுப்பில் துண்டோடு அலறியது வேறு மாதிரி இருந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். பஞ்சு புஸ் என்று மூச்சு விட்டு, எண்ணெயில் விழுந்த பூரி போல உப்பி எழுந்தது. கொஞ்ச நேரம் நசுங்கியதில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது பெட்டி மூடவில்லை. கீழே டாக்சி நிற்கிறது. மறுபடி அமுக்குவதா? மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

"கொண்டாங்க இப்படி" என்றாள் கலைச்செல்வி. பஞ்சுத் தாள்களை உடம்பைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, துப்பட்டாவால் இடுப்பில் கட்டி, மேலே சால்வையைப் போட்டுக்கொண்டாள். விமான நிலையச் சோதனையில் அதிகாரிப் பெண்மணி அவளைத் தனியே கூப்பிட்டு, தட்டிப் பார்த்து, பிரித்துப் பார்த்து, எக்ஸ்ரே கருவிக்குள் அனுப்பி, திருப்பிக் கொடுத்தார். கட்டிவிட உதவியும் செய்தார். விமானம் ஏறியதும் இவள் தூங்கிவிட்டாள். எனக்குக் குளிர் எடுத்தது. பணிப்பெண்ணிடம் ஒரு போர்வை கேட்டு வாங்கி, கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் போர்த்தினேன்.

ஊருக்கு வந்து அவளுடையதைத் தைத்தேன். ஓரத்தில் மட்டும் தையல், ஜன்னல் இல்லை. சட்டைக்கு நெருக்கமாக. என்னுடையதை முன்னூறில் தைத்தேன். டைமண்டைப் பிரிக்க மனசு வரவில்லை, நல்ல வேலைப்பாடு.

அந்த மாதக் கடைசியில் மலைக்குப் போனோம். முதல் முகாமில் கலைச்செல்வி தூங்கினாள். முன்னூறுக்குள் கிடந்த எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அவள் தன் போர்வையை எனக்குத் தர வந்தாள், வழிகாட்டி தடுத்து, என்னைச் சமையல் கூடாரத்தில் அடுப்புப் பக்கம் படுக்க வைத்தார். காலையில் அவள் மற்றவர்களோடு மேலே போனாள், மறுநாள் கணவாயைத் தாண்டினாள். நான் காய்ச்சல் விட்டதும் சமையல்காரருக்கு உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தேன்.